விரலால் வாசிக்கும் வாழ்த்து

வாழ்த்துவது தமிழர்க்குப் புதிதன்று. வாழ்த்தை அட்டையில் ஏற்றி அனுப்புவதே பிற்கால வழக்கம். 1843-ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் ஹென்றி கோல் என்பார் வெளியிட்ட கிறித்துமசு வாழ்த்தட்டை அவ்வழக்கின் முன்னோடி. அச்சிட்ட அந்த அட்டைக்கும் கையாலேயே வண்ணம் தீட்டினர். சிவகாசியில் அச்சான பொங்கல் வாழ்த்தட்டைகள் தேனி, கம்பம் கடைவீதிகளில் வரிசையாகத் தொங்கிய காலமும் இருந்தது. இன்றோ வாழ்த்து கைப்பேசியில் வந்து கைப்பேசியிலேயே மறைகின்றது. இந்நாளில் அட்டையைக் கையால் செய்வானேன் என்று கேட்போர்க்கு, எங்கள் பட்டறிவையே விடையாகத் தருகின்றோம்.

வண்ண அட்டைக்குப் பழைய எக்ஸ்ரே படமே ஏற்ற தகடு. அதில் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைக் கொத்தை வரைந்து, கூரிய பிளேடால் வெட்டி, அட்டைமேல் வைத்துப் பஞ்சால் வண்ணம் ஒற்றுவோம். பஞ்சில் ஈரம் மிகுந்தால் வண்ணம் தகட்டின் அடியில் கசிந்துவிடும். திராட்சை எளிது, தமிழெழுத்து அரிது. 'வ', 'க' ஆகியவற்றின் சுழிக்குள் இருக்கும் துண்டு வெட்டியதும் உதிர்ந்துவிடும். அதைத் தாங்கச் சிறு பாலம் ஒன்றை விட்டு வெட்டவேண்டும்.

புடைப்பெழுத்தின் முறை வேறு. தடித்த அட்டையில் எழுத்தை வெட்டி, இடவலம் மாறுமாறு புரட்டிக் கண்ணாடிப் பலகையில் ஒட்டுவோம். உதிர்ந்த சுழித்துண்டையும் அதனிடத்தில் பசையிட்டுப் பொருத்தலாம், பாலம் வேண்டுவதில்லை. பலகையின் அடியில் விளக்கொளி. மேலே தாளைக் கவிழ்த்து வைத்து, மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவால் ஒளி தெரியும் விளிம்புகளை அழுத்தினால், மறுபுறம் எழுத்து மேடாக எழும்.

உத்தமபாளையத்தில் எங்களுக்குத் தமிழ் கற்பித்த முதியவர் ஒருவர், கண்ணீர் அழுத்த நோயால் பார்வை இழந்திருந்தார். ஒரு பொங்கலுக்கு 'வாழ்க' என்னும் ஒரே சொல்லைப் பெரிதாகப் புடைக்கச் செய்து கொண்டு சென்றோம். "ஐயா, தொட்டுப் பாருங்கள்" என்றோம். விரல் 'வா'வில் தொடங்கியது. ழகரத்தின் மேல் இருந்த புள்ளியில் நின்றது. 'க'வின் சுழியைச் சுற்றி வந்தது. சொல்லை உரக்கப் படித்தார். பின்பு எங்களுள் ஒருவரின் உள்ளங்கையைப் பற்றி, அதில் ழகரத்தை எழுதிக் காட்டி, "கீழ்ச்சுழியை இன்னும் சற்று இறக்கு, தம்பி" என்றார். நாங்கள் மீண்டும் அவர் மாணவர் ஆனோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசு நகரில் பார்வையற்றோர்க்கெனப் புடைப்பெழுத்து நூல்கள் அச்சிடப்பட்டன. அவ்வெழுத்தைத் தடவிப் படிக்க நெடுநேரம் ஆயிற்று. லூயி பிரெயில் 1829-இல் வெளியிட்ட புள்ளிமுறையே விரைவாகப் படிக்கவும் தாமே எழுதவும் வழி திறந்தது. அதனையும் தாளின் பின்புறத்தில் வலமிருந்து இடமாகக் குத்தி, முன்புறத்தில் இடமிருந்து வலமாகப் படிப்பர். எனினும், கண்ணால் எழுத்தறிந்து முதுமையில் பார்வை இழந்தவர்க்குப் பழகிய எழுத்தின் வடிவமே நெஞ்சில் நிற்கின்றது.

அழகிய அட்டையைக் கடையிலும் வாங்கலாம். ஆயின், பெறுபவர் யார், அவர் எவ்வாறு படிப்பார் என்று எண்ணிச் செய்யும் அட்டை எக்கடையிலும் கிடைப்பதன்று. மாணவ நண்பர்களே! உங்கள் தெருவிலும் பார்வை மங்கிய பெரியோர் இருப்பர். அடுத்த பண்டிகைக்கு அவர்தம் விரல்களுக்கு ஒரு சொல் எழுதுங்கள்.