மேற்கு நோக்கிய வழி

மலையகத் தோட்டத்தாரின் பயணங்கள் பெரும்பாலும் கோயிலை நோக்கியே அமைவன. கதிர்காமம், சிவனொளிபாதமலை, மாத்தளை முத்துமாரியம்மன் தேர் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு வாழ்நாளின் பயணங்கள் அநேகமாக முடிந்துவிடும். காட்சி காண்பதற்கென்றே புறப்படுவது அண்மைக்கால வழக்கம். பதுளைப் பகுதிக்கோ பிற நாட்டார் தேடிவந்து பார்க்கும் காட்சிகளில் குறைவில்லை. துன்கிந்த நீர்வீழ்ச்சி, 1921இல் கட்டிமுடிக்கப்பட்ட தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம், அப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னைத் தோட்டத்து லிப்டன் இருக்கை என அவை பல. அங்கு எடுக்கப்படும் படங்களில் கூடையும் கையுமாய்த் தென்படும் பெண், தானும் ஒரு காட்சிப் பொருளாவதை அறிவாள். அவள் பிறிதோர் இடத்தைக் காணப் புறப்படுவது எளிதான செயலன்று.

நமுனுகுலைச் சாரலிலுள்ள தோட்டமொன்றில் ஒரு குடும்பம் இவ்வாறு புறப்பட எண்ணியது. மூத்த மகன் கொழும்பிலே கடையொன்றில் வேலை பார்ப்பவன். இளையவள் பல்கலைக்கழக மாணவி. இருவருமாகத் தேர்ந்த இடம் வில்பத்து. 1938இல் தேசிய வனமாக்கப்பட்ட அது இலங்கையின் தேசிய வனங்களுள் மிகப் பெரியது. மழைநீர் தங்கும் 'வில்லு' எனப்படும் இயற்கைக் குளங்களும் அவற்றின் கரைக்கு வரும் சிறுத்தையும் கரடியுமே அதன் சிறப்பு. போர்க்காலத்தில் பல்லாண்டுகள் மூடிக்கிடந்த காடு அது. ஆதலால் முந்தைய தலைமுறை அதனைப் பெயரளவிலேயே அறியும்.

அமெரிக்கர் அடுப்பும் படுக்கையும் பொருத்திய வண்டிகளிலே தம் நாட்டின் மேற்குத்திசை வனங்களுக்கு வாரக்கணக்கிற் செல்வதுண்டு. தோட்டத்து வானிலும் பாயும் அடுப்பும் அரிசிச் சாக்கும் ஏறவே செய்கின்றன; வாரக்கணக்கு என்பதுதான் இங்கே பொருந்தாது. கொழுந்து பறிக்கும் மருமகளுக்கு நான்கு நாள் பயணம் என்றால் நான்கு 'பேர்' போய்விடும். நாட்சம்பளத்தை 1,000 ரூபாயாக்குவதற்கே 2021ஆம் ஆண்டுவரை போராட வேண்டியிருந்த மக்களிடையே, விடுமுறை என்பது வான் வாடகையோடு சேர்த்து எண்ணப்படும் செலவாகும். எனவே ஆகஸ்ட் மாதம் தெரிவாயிற்று. பள்ளிகளுக்கு விடுமுறை, ஊவாவின் வறண்ட காற்றிலே தேயிலையின் மணம் மிகும், கொழுந்தோ குறையும். மடுமாதா திருவிழா நாளாகிய 15ஆம் திகதியை அண்டி மன்னார்ப் பக்கம் இடம் கிடைப்பது அரிது என்று கேள்விப்பட்டு, அந்த வாரத்தை மட்டும் தவிர்த்தனர்.

மகன் வரைபடத்தை லயத்து வாசலில் விரித்தபோது, அதுவரை வாய் திறவாதிருந்த தாய், வில்பத்துக்கு வடக்கே மன்னார் எனும் பெயரைக் கேட்டதும் அருகில் வந்தமர்ந்தார். முப்பதாண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர்.

"கப்பல் ஏறுன எடம் அந்தப் பக்கந்தானேடா?"

"எந்தக் கப்பலும்மா?"

"பெரியக்கா போன கப்பல். தலைமன்னாரு."

பெரியம்மா ஒருத்தி இருந்தாள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். அவள் எவ்வழியாகப் போனாள் என்பதை அவர்கள் கேட்டதில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களை 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கையாற் பங்கிட்டது. இந்தியாவுக்கு 5,25,000 பேர்; இலங்கைக்கு 3,00,000 பேர்; எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாக்கிக்கொண்டன. எண்களைப் பங்கிடுவது எளிது. மணமான மூத்தவள் கணவனோடு இந்தியப் பட்டியலிற் சேர, பெற்றோரும் இளையவளும் இலங்கைப் பட்டியலில் நின்றனர். பதுளைப் புகையிரத நிலையத்தில் அவளை ஏற்றிவிட்டபோது தங்கைக்குப் பதினொரு வயது. அத்தகைய வண்டிகளுக்கு மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயரிட்டதன் காரணத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம். பின்னர் மண்டபம் முகாம். பின்னர் கூடலூரிலிருந்து சில கடிதங்கள். 1984இல் கப்பற் போக்குவரத்தே நின்றுபோயிற்று. கடிதங்கள் அதற்கு முன்னரே நின்றுவிட்டன.

அன்றிரவே திட்டம் தலைகீழாயிற்று. வில்பத்து வழியில் பார்க்கும் இடமாகவும், தலைமன்னார் சேருமிடமாகவும் மாறின. மன்னாரிலிருந்து கரையோரமாகப் புத்தளத்துக்குச் செல்லும் கோடொன்று வரைபடத்தில் உண்டு. ஆனால் அது வனத்தினூடே செல்வதால் வழக்குக்குரியதாய் இருந்துவந்த பாதை. அதனை நம்ப வான்காரர் இசையவில்லை. அநுராதபுரத்துக்குத் திரும்பி, ஹுனுவில்கம வாயிலால் நுழைவதே முறை என்றார். வானைக் காட்டுக்குள் கொண்டுபோக இயலாதாகையால் ஜீப் வண்டிக்கு வேறு செலவு. அரைநாள் போதும் என்று மகள் தானே விட்டுக்கொடுத்தாள். மன்னார்ப் பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரமும் திருக்கேதீச்சரமும் பட்டியலில் ஏறின; சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலத்தின் மடத்தில் ஓரிரவு தங்கலாம் என்பது சிக்கனத்துக்கும் உதவிற்று. அரிப்பில் கடலுக்குள் சரிந்துவரும் ஆங்கிலேயத் தேசாதிபதியின் மாளிகை நீக்கப்பட்டது. அதற்காக வருந்தியோர் எவருமிலர்.

போகும் வழி பற்றியே நீண்ட விவாதம் நடந்தது. மகியங்கனை, பொலநறுவை வழி எளிது; வான்காரரின் விருப்பமும் அதுவே. மகள் கண்டி, மாத்தளை, தம்புள்ளை வழியை வேண்டினாள். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கியோர் காட்டினூடே நடந்து மாத்தளையை அடைந்தது ஏறத்தாழ அத்திசையிலேதான். பேதியாலும் பசியாலும் வழியில் மாண்டோருக்குக் கல்லறை இல்லை. அவள் வகுப்பறையிற் கற்ற இச்செய்தியைத் தாய் வியப்பின்றிக் கேட்டிருந்தார். அவருடைய பாட்டி சொன்ன கதையிலும் காடு இருந்தது. மாத்தளை மாரியம்மன் இருந்தாள். ஊர்ப் பெயர்கள்தாம் இருக்கவில்லை.

தாய் விதித்த நிபந்தனை ஒன்றே: தலைமன்னார்த் துறையில் பொழுதிருக்கச் சேர வேண்டும். போரின்போது சிதைந்த புகையிரதப் பாதை 2015இல் அங்குவரை மீண்டும் திறக்கப்பட்டதையும், பழைய இறங்குதுறை இடிந்து நிற்பதையும், தனுஷ்கோடிக்கு அங்கிருந்து சுமார் 30 கிலோமீற்றர் என்பதையும் மகன் சொன்னான்.

"தெரியுமாடா அங்கருந்து?"

"கரை தெரியாதும்மா. தண்ணிதான்."

"தண்ணி தெரிஞ்சாப் போதும்."

காட்டுக்குள் வர அவர் மறுத்துவிட்டார். கரடியை நீங்கள் பாருங்கள், வானடியில் இருந்து சோறாக்கி வைக்கிறேன் என்றார். மாத்தளை வழிக்கு எரிபொருள் கூடுதலாகும் என்று வான்காரர் கேட்ட தொகை, அம்மாதச் சீட்டுப் பணத்திலிருந்து கொடுக்கப்பட்டது.