பத்து நிமிடச் சோதனை

திறந்த மூல மென்பொருள் யாவர்க்கும் பொதுவான கிணறு போன்றது. நீர் அள்ளுவோருக்கு அதனைத் தூர்வாரும் கடமையும் உண்டு. 1996இல் எக்கோல் சென்ட்ரால் பாரிஸ் மாணவர்கள், தம் கல்லூரி வலையமைப்பிற் காணொளியைப் பரப்புவதற்கென வீடியோலான் என்னும் முயற்சியைத் தொடங்கினர். அனுப்புவதற்கு வழங்கி, பார்ப்பதற்குச் செயலி என அது இரு கூறாக அமைந்தது. 2001இல் அதன் மூலநிரல் உலகுக்குப் பொதுவாயிற்று. அவ்வழியில் எழுந்த வேறொரு வழங்கி மென்பொருள் இன்று கொட்டாஞ்சேனையில் ஒரு சிற்றறைக் கணனியில் இயங்குகின்றது.

அதனை இயக்கும் இளைஞன், திருமணங்களையும் ஈமக்கிரியைகளையும் கடல்கடந்த உறவினருக்கு நேரலையாக அனுப்புபவன். ஒருநாள் புதிய பதிப்பு வந்தது. நிறுவிப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தான், குறையொன்றும் தோன்றவில்லை. மறுநாட் காலை வெள்ளவத்தையில் ஒரு முதியவரின் ஈமக்கிரியை. ரொறன்ரோவில் நள்ளிரவு கடந்தும் அவருடைய மகன் திரையின் முன் விழித்திருந்தான்.

ஒரு மணி நேரம் சென்றதும் ஒலி படத்துக்குப் பின்தங்கலாயிற்று. சுண்ணம் இடித்து முடிந்த பின்னரும் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. இளைஞன் பதறி வழங்கியை நிறுத்தி, மீண்டும் இயக்கினான். இடையிற் சென்றவை நான்கே நிமிடங்கள். படம் திரும்பியபோது பேழை மூடப்பட்டிருந்தது. மகன் கடிந்துகொள்ளவில்லை. "அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்கவில்லை" என்று மட்டும் எழுதினான்.

படமும் ஒலியும் தத்தம் காலக்குறிகளோடு தனித்தனியே செல்வன. அக்குறிகளில் நேரும் நுண்ணிய பிழை துளித்துளியாகச் சேர்ந்தே பெருகும். பத்து நிமிடத்தில் அது கண்ணுக்குப் புலனாகாது. கிரியை மூன்று மணி நேரமாயின் சோதனையும் மூன்று மணி நேரமாதல் வேண்டும் என்பதை இளைஞன் அன்று உணர்ந்தான்.

அவ்வாரமே பழைய கணனியொன்றிற் புதிய பதிப்பை ஏற்றி, ஓர் இரவு முழுவதும் ஓடவிட்டான். ஒலி எப்போது பிந்தத் தொடங்கிற்று, எவ்வளவு பிந்திற்று என்பவற்றைக் குறித்து, பதிவேட்டுடன் அதனை ஆக்கியோருக்கு அனுப்பினான். இப்பொழுது எப்பதிப்பும் அப்பழைய கணனியில் ஓரிரவைக் கடந்த பின்னரே நேரலைக்கு வருகின்றது. முந்திய பதிப்பும் அருகில் ஆயத்தமாக நிற்கின்றது.

மென்பொருட் பிழைக்கு அடுத்த பதிப்பில் திருத்தம் உண்டு. அந்த நான்கு நிமிடங்களுக்கு அடுத்த பதிப்பில்லை.