கம்பியில் இரண்டு கீறல்

பச்சைமலை அடிவாரத்தில் மக்காச்சோளம் பால் பிடித்துவிட்டால் வேப்பந்தட்டைப் பக்கத்துச் சம்சாரிகளுக்கு இரவில் தூக்கம் கிடையாது. காட்டுப்பன்றி புகுந்தால் விடிவதற்குள் ஒரு பக்கம் முழுக்கச் சாய்ந்து கிடக்கும்.

அங்கே மூன்று ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் பழைய நாட்டுத் துப்பாக்கி இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில், பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர இடம் உண்டு. அப்படி வாங்கியது. அனுமதியில்லாமல் பன்றியைச் சுடக் கூடாது என்பதால் அவர் குண்டு போடுவதில்லை. மருந்தும் தேங்காய் நாரும்தான்; சத்தம் போதும்.

போன கார்த்திகையில் ஓர் இரவு உறுமல் கேட்டது. துப்பாக்கியை எடுத்தவர் கேப் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பார்த்தார். இல்லை. குழல்வாயை முகத்துக்கு நேரே வராமல் விலக்கிப் பிடித்து, கெட்டிக்கும் கம்பியை உள்ளே விட்டார். அதில் இரண்டு கீறல் உண்டு. மேல் கீறல் குழல்வாயோடு நின்றால் குழல் வெறுமை. கீழ்க் கீறல் நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது.

கீழ்க் கீறல்தான் நின்றது. முந்தின இரவு காவலிருந்த மகன் கெட்டித்துவிட்டு, மழை வந்ததும் சொல்லாமல் போய்ப் படுத்திருக்கிறான். உரிமத்தில் அவன் பெயர் இல்லை. அது வேறு தப்பு. அதன்மேல் இன்னொரு தடவை மருந்து விழுந்திருந்தால் அந்தப் பழைய குழல் தாங்கியிருக்காது. குழல் வெடித்தால் முதலில் போவது தாங்கிப் பிடிக்கும் கை.

அன்று அவர் சுடவில்லை, தகரம் தட்டினார். காலையில் குழலுக்குள் தண்ணீர் ஊற்றி மருந்தை நனையவிட்டு, உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் கொடுத்து வெளியே எடுத்தார்.

கேப் மாட்டுவது எப்போதும் கடைசி வேலை, அதுவும் சுடுகிற இடத்துக்குப் போன பிறகு. சுட்ட குழலில் கங்கு ஒட்டியிருக்கலாம். குப்பியை நேராகச் சாய்த்தால் குப்பியே கையில் வெடிக்கும். வெளிநாடுகளில் இந்தப் பழைய துப்பாக்கிகளுக்கென்று உலகப் போட்டியே நடக்கிறது. 30 நிமிடத்தில் 13 முறை சுட வேண்டும். அந்த அவசரத்திலும் ஒவ்வொரு சூட்டுக்கும் தனித்தனிச் சிறு குழாயில் அளந்து கொண்டுவந்த மருந்தைத்தான் ஊற்றலாம். மருந்துக்கும் அடைப்புக்கும் நடுவே இடைவெளி இருந்தாலும் குழல் பிளக்கும். கம்பியால் அடிவரை அழுத்த வேண்டும். தோட்டாவைப் பிரித்தெடுத்த புகையில்லா மருந்தை இதில் போடவே கூடாது. விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா, வாயை ஆளில்லாத பக்கம் நீட்டியபடி ஒரு நிமிடமாவது அசையாமல் நிற்க வேண்டும். பலர் அவசரப்பட்டு உள்ளே எட்டிப் பார்ப்பது அப்போதுதான்.

துப்பாக்கி இப்போது பெட்டியில் பூட்டிக் கிடக்கிறது. சாவி பெரியவரின் அரைஞாணில். அரியலூர்ப் பக்கம் சோளம் போட்டிருக்கும் மருமகன் இரண்டு நாளைக்குக் கேட்டுப் பார்த்தார்.

"தகரம் வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க மாப்பிள்ளை" என்றார் பெரியவர்.