எண்பது நிமிஷத்துக்குள் கொம்பன் பன்றி

எங்கள் ஊருக்கு வழி கேட்டு வருகிறவர்களுக்கு மூக்கு இருந்தால் போதும். குச்சிக்கிழங்கு அரைக்கும் சேகோ பேக்டரியின் புளித்த வாடை முதலில் வரும், அதைத் தாண்டினால் கோழிப்பண்ணை, அதையும் தாண்டி மூச்சு விட்டால் எங்கள் கட்டுத்தாரைச் சாணி வாசம். அந்த வாசம் நேராக வந்து மோதுகிற ஆசாரத்தில்தான், நெல் மூட்டைக்கும் அப்பாரு கட்டிலுக்கும் நடுவே, பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டு அண்ணனின் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது. திருச்செங்கோட்டுப் பக்கம் என்ஜினியரிங் படிக்கப் போன அண்ணனுக்கு அப்பா சொசைட்டிக் கடனில் வாங்கிக் கொடுத்தது. அதில் சிடி ரைட்டர் இருக்கிறது என்ற சேதி ஊருக்குள் பரவியதும், கல்யாண போட்டோ கொண்டுவருகிறவர்கள், முருகன் பாட்டு கேட்கிறவர்கள் என்று வாசலில் செருப்பு சேர ஆரம்பித்தது.

எனக்கு அங்கே ஒரு உத்தியோகம் இருந்தது. சிடி போடும்போது யாரும் தொம்தொம்மென்று நடக்கக் கூடாது, மிக்சி போடக் கூடாது, டேபிளில் கை வைக்கக் கூடாது என்று அதட்டுவது என் வேலை. அண்ணன் திறக்கிற நீரோ என்ற சாப்ட்வேரின் சின்னப் படத்தில் ரோமாபுரியின் வட்டக் கட்டடம் ஒன்று தீப்பிடித்து எரியும். அதைப் பார்த்த நாளிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை யாருக்கும் தெரியாமல் சிபியு பக்கத்தில் வைத்துக் காவல் காத்தேன். அண்ணன் கண்டுபிடித்து, 'ஏ அம்மிணி, தண்ணி பட்டாத்தான் இது செத்துப்போகும்' என்று சொம்பைப் பிடுங்கிக்கொண்டு போனான். ஆனாலும் என் பயம் முழுக்க வீண் இல்லை. அந்தத் தட்டின் உள்ளே மெல்லிய சாயப் படலம் ஒன்று இருக்கிறது, லேசர் ஒளி அதைப் புள்ளி புள்ளியாகச் சுட்டு மாற்றுகிறது, அந்தப் புள்ளிகள்தான் பாட்டு என்பதைப் பிற்பாடு படித்தபோது, சொம்பு வைத்த சிறுமியைக் கொஞ்சம் மெச்சிக்கொண்டேன். தட்டு வெளியே வரும்போது வெதுவெதுவென்று இருக்கும். அதை முதலில் மோந்து பார்ப்பதும் என் உத்தியோகத்தில் சேர்த்திதான்.

சித்தப்பா ரிக் வண்டியில் டிரில்லர். மழைக்காலம் முடிந்தால் திருச்செங்கோட்டு வண்டிகள் போர் போட வடக்கே கிளம்பிவிடும். சித்தப்பாவும் மாசக்கணக்கில் ஆளே காணாமல் போவார். ஒரு தடவை கிளம்புகிற அன்றைக்கு அவர் கேட்டது சினிமாப் பாட்டு அல்ல. அப்பாருவின் தகரப் பெட்டியில் கிடந்த கேசட்டுகளில் ஒன்று, அண்ணன்மார் கதையில் கொம்பன் பன்றி வேட்டை. பொன்னர், சங்கர், அவர்கள் தங்கச்சி அருக்காணித் தங்கம் கதையை உடுக்கை அடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடுவார்கள். கோயில் நோம்பியில் அப்பாரு தன் டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிந்து வைத்தது அது. இதே கதையை 1965இல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் டேப்பில் பதிவு செய்து, பின்னால் புத்தகமாகவும் கொண்டுவந்தார். அப்பாருவுக்கு அந்தம்மாவைத் தெரியாது. தெரிந்திருந்தால் நாலு கேசட் கடன் கொடுத்திருப்பார்.

லாரி கேபின் சூட்டில் கேசட் நாடா சுருண்டுவிடுகிறது, சிடியில் போட்டுக் கொடு என்றார் சித்தப்பா. டேப் ரிக்கார்டரின் இயர்போன் ஓட்டையிலிருந்து கம்ப்யூட்டரின் பின்பக்க நீல ஓட்டைக்கு ஒரு வயர் போட்டு, கேசட்டை ஓட விட்டான் அண்ணன். ஒன்றரை மணி நேரக் கதை ஏற ஒன்றரை மணி நேரம் ஆகும். அவசரப்படுத்த வழியே கிடையாது. அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நிமிஷத்துக்குப் பத்து எம்பி போகுது, பத்து எம்பி போகுது என்று அண்ணன் முனகிக்கொண்டிருந்தான். அப்பாரு அதைக் காதில் வாங்காமல், உடுக்கைச் சத்தத்துக்குப் பின்னால் கேட்கிற இருமல் யாருடையது, குரைக்கிற நாய் யார் வீட்டு நாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

சிக்கல் கடைசியில்தான் தெரிந்தது. கேசட் தொண்ணூறு நிமிஷம், சிடி பிடிப்பது எண்பது. எம்பி3 ஆக்கினால் மொத்தமும் அடங்கும், ஆனால் சித்தப்பா வண்டியிலிருந்த பிளேயருக்கு அது ஆகாது. இன்னொரு சிடியில் மிச்சத்தைப் போடலாமென்றால் வீட்டில் இருந்தது ஒரே ஒரு மோசர் பேர் வெறுந்தட்டு. கடைக்குத் திருச்செங்கோடு போகவேண்டும், வண்டியோ ராத்திரி கிளம்புகிறது. பத்து நிமிஷத்தை வெட்டியாக வேண்டும்.

'மொதல்ல வர்ற சாமி பாட்டத் தூக்கிரலாங்க அப்பாரு' என்றான் அண்ணன்.

'காப்பு இல்லாம கதையா? புள்ளயாரத் தள்ளிப்போட்டு அவன் வண்டி எடுக்கோணுமா?'

நடுவில் உடுக்கை ஓய்ந்து, வெற்றிலை போட்டு, ஆள் ஆளுக்குப் பேசுகிற இடம் ஒன்று உண்டு. அதையாவது வெட்டலாமென்று அண்ணன் ஓடவிட்டான். சலசலப்புக்கு நடுவே ஒரு பெண் குரல், 'போசில காப்பி இருக்குது, ஆறுறதுக்குள்ள குடிங்க' என்றது. ஆத்தாவின் குரல். நான் பிறப்பதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்ட ஆத்தா. அப்பாரு ஒன்றும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அண்ணனும் கேட்கவில்லை, அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டான். ஆக வெட்டுப்பட்டது கதையின் வால்.

அது போதாதென்று, திருட்டு விசிடிக்காரர்களைக் குண்டர் சட்டத்தில் போடுகிறார்கள் என்ற சேதி 2004இல் பேப்பரில் வந்ததிலிருந்து அப்பாவுக்கு அந்த ரைட்டரைக் கண்டாலே ஆகாது. வாசல்படியில் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'நம்மூட்டுக் கதைய நாம ஏத்தறதுக்கு எந்தப் போலீசுடா வருவான்' என்று அப்பாரு சத்தம் போட்டதும்தான் உள்ளே வந்தார்.

ரைட்டர் 52 எக்ஸ் வேகம் போகும். ஆனாலும் லாரி பிளேயர் சிக்காமல் படிக்க மெதுவாகப் போடுவதுதான் நல்லது என்பது அண்ணனின் கொள்கை. 8 எக்ஸ் வைத்தான். பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் கரண்டு போனால் தட்டு குப்பைக்குத்தான், அழித்து மறுபடி எழுத முடியாது. எருமை கத்தினால்கூட நான் திரும்பி முறைத்தேன். நூறு சதம் வந்து, தட்டு வெளியே நீண்டதும், அதன் மேல் மார்க்கர் பேனாவில் 'கொம்பன்' என்று எழுதி சித்தப்பா சட்டைப் பையில் செருகினேன்.

சில நாள் கழித்து மத்தியப்பிரதேசத்திலிருந்து, எஸ்டிடி பூத்தில் நின்று சித்தப்பா கத்தினார். பன்றி வந்து வயலை உழப்பிப்போட்டது, சங்கர் ஈட்டியை எடுத்துவிட்டார், பொன்னாச்சி நாய் வரவேண்டிய நேரத்தில் பாட்டு பொட்டென்று நின்றுபோகிறது. வண்டிப் பையன்கள் தூங்கவிட மாட்டேன் என்கிறார்கள், தமிழே தெரியாத சமையல்காரப் பையன்கூடப் பன்றி என்ன ஆச்சு என்று கேட்கிறான். மிச்சத்தைத் தினமும் ராத்திரி நானே அல்லவா சொல்லவேண்டியிருக்கிறது என்றார். எரிச்சலாகச் சொன்னாரே தவிர, குரலில் ஒரு மிதப்பு இருந்தது.

நான் போய் அப்பாருவிடம் சொன்னேன். அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே சிரித்தார்.

'உடுக்கக்காரன் பாட்ட நிறுத்தித் தட்டு ஏந்துறதும் அதே எடத்துலதான் கண்ணு. மிச்சம் வேணும்னா காசு போடச் சொல்லு உங்க சித்தப்பன!'