மூணு கறி, ஒரு பிளக்

நுவரெலியாவில் தண்ணி 100 பாகையில் கொதிக்கிறதில்லை. பள்ளிக்கூடத்தில் படிச்சதுக்கு மாறாத் தெரியும், ஆனா உண்மை. மலை ஏற ஏற காத்தோட அழுத்தம் குறையும். ஏறக்குறைய 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலையும் இறங்கும். நுவரெலியா டவுன் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கு. அதனால இங்க தண்ணி 94 பாகை கிட்டயே தளதளன்னு கொதிக்கத் தொடங்கிடும். அதுக்கு மேல எவ்வளவு வெறகு போட்டாலும் தண்ணி ஆவியாகுமே தவிர, சூடு ஏறாது. சீக்கிரம் கொதிக்கும், தாமதமா வேகும்.

1835இல் சார்ல்ஸ் டார்வின் அந்தீஸ் மலையைக் கடக்கும்போது இதே பிரச்சினையில் மாட்டியிருக்கிறார். உருளைக்கிழங்கு ராத்திரி முழுக்க அடுப்பில் கிடந்தும் வேகவில்லை. கூட வந்தவங்க, இந்தப் புதுப் பானைதான் சரியில்லைன்னு முடிவு கட்டினாங்களாம். எங்க அப்பாயியும் இதையேதான் சொல்லும். கடலை வேகலன்னா சட்டி மேலதான் பழி.

மூடின பாத்திரத்துக்குள்ள ஆவியை அடைச்சு வச்சா இந்தப் பிரச்சினை தீரும்னு 1679லேயே டெனி பாப்பென் லண்டன் ரோயல் சொசைட்டியில் செய்து காட்டிட்டார். அழுத்தம் கூடினா கொதிநிலையும் கூடும். இன்றைய மின்சாரப் பிரஷர் குக்கர் நுவரெலியாக் குளிரில்கூட 110 பாகையைத் தாண்டும். அதனால பிரஷர் குக்கர் மலைநாட்டுக்காரங்களுக்கு வெறும் வசதி கிடையாது. சமவெளிக்காரங்களைவிட நமக்குத்தான் அது அதிகம் தேவை. ஆனா நான் இங்க எழுத வந்தது குக்கரைப் பற்றி இல்லை. அதுக்குள்ள வைக்கிற அடுக்குப் பாத்திரங்களைப் பற்றி. கேட்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். எங்க வீட்டில அம்மாவோட விடியக்காலை முழுக்க அதுலதான் தொங்கிக்கிட்டு இருந்திச்சு.

எங்களது லயத்து வீடு. முன்னுக்கு இஸ்தோப்பு, நடுவில ஒரு காம்பரா, பின்னுக்குக் குசினி. அப்பா, அம்மா, அப்பாயி, தம்பி, லீவுக்கு வந்தா நானும். அம்மா கொழுந்து எடுக்கப் போறவங்க. பெரட்டுக்கு முன்னாடி காலை ரொட்டியும் பகலுக்குச் சோறு, பருப்பு, ஒரு மரக்கறியும் முடியணும். அதனால நாலு மணிக்கே எழும்பிடுவாங்க. மழைக்காலத்தில மிலாறு நனைஞ்சிருந்தா அதுக்கும் முன்னாடி. அடுப்பை ஊதி ஊதிக் கண்ணு சிவந்துதான் மலைக்குப் போவாங்க.

கேஸ் அடுப்பும் இருந்திச்சு. 2022 வந்து அதை ஓரமாத் தள்ளிடுச்சு. அந்த ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் விலை 4,860 ரூபாய்க்குப் போனது. அப்போ தோட்டத்து நாள் சம்பளம் 1,000 ரூபாய். காசு இருந்தவங்களுக்கும் சிலிண்டர் கிடைக்கல. மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினதையும் யாரும் மறந்திருக்க மாட்டீங்க. நாடே வெறகுக்குத் திரும்பினப்போ நாங்க திரும்ப வேண்டியே இருக்கல, நாங்க அங்கேயேதான் இருந்தோம்.

அப்புறம் குவைத்தில வீட்டுவேலை செய்யிற சித்தி லீவில வரும்போது 6 லீட்டர் மின்சாரப் பிரஷர் குக்கர் ஒண்ணு கொண்டுவந்து தந்தாங்க. 1,000 வாட். ஒரு மணித்தியாலம் நிறுத்தாம ஓடினாக்கூட 1 யூனிட்தான். உண்மையில அழுத்தம் ஏறின பிறகு அது விட்டு விட்டுத்தான் கரண்ட் இழுக்கும், அதனால அதைவிடக் குறைவு.

ஆனா முதல் ரெண்டு மாசம் அம்மா அதுல சோறு மட்டும்தான் ஆக்கினாங்க. காரணம் பயமோ பழக்கமின்மையோ இல்லை, கணக்கு. குசினியில இருக்கிறது ஒரே பிளக். குக்கர் ஒரு தரத்துக்கு ஒரு சாமான்தான் வேகவைக்கும். சூடேற, வேக, ஆவி அடங்கன்னு ஒவ்வொண்ணுக்கும் அரை மணித்தியாலம் போகும். சோறு, பருப்பு, கறின்னு வரிசையா வச்சா ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல. வெறகு அடுப்பில ரெண்டு வாய் இருக்கு, ரெண்டையும் ஒரே நேரத்தில ஏத்தலாம். ஆக, புது மெஷின் வந்தும் நாலு மணி நாலு மணியாவே இருந்திச்சு. வெறகும் எரிஞ்சது, கரண்ட் பில்லும் ஏறினது. அந்த இடத்திலதான் அடுக்குப் பாத்திரம் தேவைப்பட்டது.

இந்த யோசனை ஒண்ணும் புதுசில்லை. பூரி ஜகந்நாதர் கோயில் மடப்பள்ளியில மண்பானைகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கித்தான் சமைக்கிறாங்க. 1910இல் கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் என்ற மருத்துவர் இக்மிக் குக்கர்னு ஒண்ணு கண்டுபிடிச்சார். உயரமான ஒரு உருளை. அடியில கரி நெருப்பு, அதுக்கு மேல கொஞ்சம் தண்ணி, உள்ள டிபன் கேரியர் மாதிரி அடுக்கின பாத்திரங்கள். அரிசி ஒண்ணில, பருப்பு ஒண்ணில, காய்கறி ஒண்ணில. நெருப்பை வச்சு மூடிட்டு வேலைக்குப் போயிடலாம். வந்து திறந்தா சாப்பாடு தயார். தனியாத் தங்கி வேலை செய்தவங்களும் பயணம் போறவங்களும் அதை விரும்பி வாங்கினாங்க. தமிழ்நாட்டு வீடுகளில் சாதாரணப் பிரஷர் குக்கருக்குள்ளேயே சோத்துக்கும் பருப்புக்கும் தனித்தனிப் பாத்திரம் வைக்கிற பழக்கமும் ரொம்ப நாளா இருக்கு. எல்லாத்துக்கும் அடிப்படை ஒண்ணுதான்: ஆவி கீழ் அடுக்கு, மேல் அடுக்குன்னு பார்க்காது. காத்து வெளியேறி ஆவி நிறைஞ்ச பிறகு உள்ள எல்லா இடமும் கிட்டத்தட்ட ஒரே சூடுதான்.

2025 தொடக்கத்தில நானும் அம்மாவும் ஹட்டனுக்குப் போய்ப் பாத்திரக் கடைகள்ள ஏறி இறங்கினோம். மூணு அடுக்கு செட் ஒண்ணோட விலை அம்மாவோட மூணு நாள் சம்பளத்துக்கு மேல. 2024இல் நாள் சம்பளம் 1,350 ஆன பிறகும் அப்படித்தான். அதனால பெட்டி மேல இருந்த படத்தைப் பார்த்து வாங்க எங்களால முடியாது. நாங்க பார்த்ததை வரிசையாச் சொல்றேன், உங்களுக்கும் உதவும்.

முதல்ல அளவு. எங்க குக்கரோட உள்பானை விட்டம் 22 சென்டிமீற்றர், உயரம் 16. பாத்திரத்தைச் சுத்தி ஆவி மேல போக எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீற்றராவது இடைவெளி வேணும். அப்படின்னா பாத்திரத்தோட வெளி விட்டம் 20க்கு மேல போகக்கூடாது. விளிம்பு, கொளுக்கி, கைப்பிடி எல்லாம் சேர்த்துத்தான் இந்த 20. அடுக்கோட உச்சி மூடியைத் தொடக்கூடாது, வால்வை மறைக்கவே கூடாது. நான் வீட்டிலேயே உள்பானைக்குள்ள ஒரு கயிறைப் பிடிச்சு முடிச்சுப் போட்டு எடுத்துட்டுப் போனேன். அம்மா தன் சாண் கணக்கில பார்த்தாங்க. ரெண்டும் ஒத்துப்போச்சு.

ரெண்டாவது, கொள்ளளவு. இதுதான் முக்கியம். கடையில இருந்த தட்டு 18 சென்டிமீற்றர் அகலம், 5 சென்டிமீற்றர் உயரம். விளிம்பு வரை நிரப்பினாலே 1.27 லீட்டர்தான் பிடிக்கும். எங்க வீட்டுக்கு ஒரு வேளைக்கு அரைக் கிலோ அரிசி வேணும். அது வெந்தா ஒன்றரை லீட்டரைத் தாண்டிடும். அந்த மூணு அடுக்கு செட் ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்குச் செய்தது. பெட்டி மேல இருந்த படத்திலயும் ரெண்டு தட்டுதான் மேசையில இருந்திச்சு.

அம்மாதான் வழி சொன்னாங்க. "அரிசியை எதுக்குத் தட்டுல போடணும்? அடியில பானையிலேயே போடுவோம். அந்தத் தண்ணியில வர்ற ஆவிதானே மேல போகும்." கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரைக் கிலோ அரிசி உள்பானையில வெந்தா 5 சென்டிமீற்றர் உயரத்துக்குள்ள நிற்கும். 7 சென்டிமீற்றர் கால் வச்ச ஒரு கம்பி ஸ்டாண்ட், அதுக்கு மேல 5 சென்டிமீற்றர் பருப்புத் தட்டு, அதுக்கு மேல 3 சென்டிமீற்றர் ஆழமில்லாத கறித் தட்டு. மொத்தம் 15. உள்பானைக்குள்ள அடங்கிடும். செட் வேண்டாம், உதிரியா ரெண்டு தட்டும் ஒரு ஸ்டாண்டும் போதும். காசும் பாதியாக் குறைஞ்சது.

மூணாவது, உலோகம். அலுமினியம் மலிவு, சூடும் சீக்கிரம் ஏறும். ஆனா புளி, தக்காளி, தேசிக்காய் பட்டா அதோட வினைபுரியும், நிறமும் மாறும். எவர்சில்வர் நல்லது. அடியில 304 இல்லாட்டி 18/8 என்று அடிச்சிருந்தா துரு பிடிக்கிற பயம் குறைவு. காந்தம் ஒட்டலன்னா நல்ல எவர்சில்வர்னு ஒரு பேச்சு உண்டு. அதை மட்டும் நம்பாதீங்க, 201 என்ற மலிவான ரகத்திலயும் காந்தம் சரியா ஒட்டாது. கையில தூக்கிப் பாருங்க, ரொம்ப லேசாவும் விளிம்பு கையை வெட்டுற மாதிரியும் இருந்தா வச்சிடுங்க.

நாலாவது, மூடியும் கைப்பிடியும். மேல் தட்டுக்கு மட்டும் மூடி இருந்தா போதும். குக்கர் மூடியில ஆவி குளிர்ந்து சொட்டுற தண்ணி கறியில விழாம இருக்கும். ஆனா காத்துப் போகாத இறுக்கமான மூடி வேண்டாம், உள்ள இருக்கிறது வேகப் பிந்தும். கைப்பிடி மடங்கணும். ஆவி நிறைஞ்ச பானைக்குள்ள இருந்து தட்டை வெளியே எடுக்கிறதுதான் கை வெந்துபோற இடம். நாங்க ஒரு இடுக்கியும் சேர்த்து வாங்கினோம்.

வீட்டில டிபன் கேரியர் இருந்தா, முதல்ல அதோட கொக்கியைக் கழட்டிட்டு உள்ள வச்சுப் பாருங்க. எவர்சில்வரா இருந்து, பிளாஸ்டிக் எதுவும் ஒட்டாம இருந்து, அளவும் பொருந்தினா எதையும் வாங்கத் தேவையில்லை. எங்களது பொருந்தல. அப்பாவோட கேரியர் உயரம் அதிகம்.

சேர்ந்து வேகுறதை மட்டும்தான் சேர்த்து அடுக்கணும். பச்சை அரிசிச் சோத்தோட மைசூர்ப் பருப்பும், துண்டு போட்ட உருளைக்கிழங்கு, கரட், பீட்ரூட், பூசணியும் ஒத்துப்போகும். லீக்ஸும் கோவாவும் குழைஞ்சு போயிடும், அதுகளை வெளியே வதக்குறதே நல்லது. கடலை, கௌப்பி சோத்தோட சேராது, அதுகளுக்கு நேரம் பல மடங்கு வேணும். பருப்பு நுரைக்கும், அதனால தட்டில மூணில் ரெண்டு பங்குக்கு மேல போகவேண்டாம். எங்க கணக்கு 200 கிராம் பருப்பு, அதுக்கு ரெண்டு மடங்கு தண்ணி. தேங்காய்ப்பாலும் தாளிப்பும் திறந்த பிறகுதான்.

குக்கரோட வந்த புத்தகத்தில இருக்கிற நேரம் நமக்குச் சரிவராது. 2,000 அடிக்கு மேல ஒவ்வொரு 1,000 அடிக்கும் 5 வீதம் கூட்டணும்னு ஒரு பொது விதி இருக்கு. நுவரெலியா 6,000 அடிக்குக் கொஞ்சம் மேல, அதனால 20 வீதம். 20 நிமிஷம்னு போட்டிருந்தா 24 வைக்கணும். ஹட்டனில 10 வீதம் போதும். பேராதனையில எங்க ஹொஸ்டல் இருக்கிற உயரத்துக்கு எதுவும் கூட்டத் தேவையில்லை. அதே பருப்பு அங்க சொன்ன நேரத்தில வேகும்.

இப்போ சோறு, பருப்பு, கறி மூணும் ஒரே தரத்தில முக்கால் மணித்தியாலத்துக்குள்ள முடியுது. இதைச் சொன்னா எல்லாரும் கேட்கிறது, அம்மாவுக்கு ஒரு மணித்தியாலம் மிச்சம்தானேன்னு. முதல் வாரம் அப்படி எதுவும் மிச்சமாகல. அம்மா அதே நாலு மணிக்குத்தான் எழும்பினாங்க. கிடைச்ச நேரத்தில உடுப்பு துவைச்சாங்க. அப்பா வழக்கம்போல தேத்தண்ணிக்காகக் காத்துக்கிட்டு இருந்தார். நேரத்தை மெஷின் மிச்சப்படுத்தும். ஆனா மிச்சமான நேரம் யாருக்குன்னு மெஷின் சொல்லாது.

மாறினது எப்போன்னா, தம்பி அடுக்கத் தொடங்கினப்போ. நெருப்பு மூட்ட, தீயைக் குறைக்க, கஞ்சி வடிக்கன்னு வெறகு அடுப்புச் சமையல் முழுக்க கைப்பழக்கம். அது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்னு வீட்டில எல்லாரும் வசதியா ஒத்துக்கிட்டோம். தட்டு அப்படி இல்லை. அரிசிக்கு ஒரு கோடு, பருப்புக்கு ஒரு கோப்பை, தண்ணிக்கு ஒரு அளவு. ராத்திரி படிச்சு முடிச்சிட்டு அவன் காய் வெட்டி வைக்கிறான். காலையில அஞ்சு மணிக்கு எழும்பி அடுக்கி, பட்டனைத் தட்டுறான். பதினாறு வயசுப் பையன் செய்யக்கூடிய வேலைதான், எப்பவுமே அப்படித்தான் இருந்திருக்கும். இப்போ எனக்குத் தெரியாதுன்னு சொல்ல அவனுக்கு வழியில்லை, அவ்வளவுதான்.

அப்பாயிக்கு இன்னும் சமாதானமில்லை. அதோட கவலையிலயும் நியாயம் இருக்கு. இந்த மலைக் குளிருக்கு அடுப்பு சமைக்க மட்டும் இல்லை. குசினி சூடா இருந்ததும், ஈர வெறகு காய்ஞ்சதும், காலையில எல்லாரும் ஒரு இடத்தில குந்தினதும் அந்த நெருப்பாலதான். ஞாயிற்றுக்கிழமை இன்னும் மிலாறு எரியுது, ரொட்டி அதுலதான். மத்த நாளில அப்பாயி கம்பளியைப் போர்த்திக்கிட்டு குக்கர் பக்கத்தில உட்கார்ந்து ஆவி வர்றதைப் பார்த்துக்கிட்டு இருக்கும். வால்வ் விசிலடிச்சா இன்னும் திட்டும்.

அம்மா இப்போ நாலே முக்காலுக்கு எழும்புறாங்க. முக்கால் மணித்தியாலத் தூக்கம். இதைப் பெரிய விடுதலைன்னு எழுதினா அம்மாவே சிரிப்பாங்க, மலையில நிற்கிற நேரம் ஒரு நிமிஷமும் குறையல. ஆனா வாரத்தில ஆறு நாள்னா, நாலரை மணித்தியாலத் தூக்கம்.

நீங்களும் வாங்கப் போறீங்கன்னா கயிறோ அடிமட்டமோ எடுத்துட்டுப் போங்க, வீட்டில எத்தனை பேருன்னு எண்ணிட்டுப் போங்க. ரெண்டு தட்டு கூடுதலாக் கழுவ வேண்டியும் வரும். அதை யார் கழுவுறதுன்னு போறதுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. எங்க வீட்டில அது இப்போ அப்பாவோட வேலை.