நான் வாசிக்க மறுத்த சிட்டை

இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் உபதேசியாராக இருக்கிறேன். ஞானத்தைப் பற்றி அதிகம் பிரசங்கித்தவன். யாக்கோபின் நிருபத்தைக் காட்டி, ஞானம் குறைவாயிருந்தால் ஜெபத்தில் கேளுங்கள் என்று லயம் லயமாகப் போய்ச் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லிக்கொண்டிருந்த வருடங்களில்தான், என் பயத்துக்குப் பொறுமை என்று பெயர் வைத்து, அதை ஒரு ஏழைப் பெண்ணின் தலையில் ஏற்றினேன். எந்த நியாயமும் கற்பிக்காமல் அதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அடிப்படை 900, அதன்மேல் படி 100. எத்தனையோ வருடக் கோரிக்கை அது. 2018இல் மலையகத்துப் பிள்ளைகள் கொழும்புக் காலிமுகத்திடல் வரை போய் நின்று கேட்டது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. மலையில் நடந்தது வேறு. பல தோட்டங்களில் ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவைக் கூட்டினார்கள். அந்தக் கிலோ வராவிட்டால் அரைப்பேர். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, அட்டைக்கடியோடு நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கியவளுக்குச் செக்ரோல் பதிவேட்டில் பாதி நாள் மட்டும் விழும்.

அந்த நாட்களில்தான் எங்கள் சபை அக்கா ஒருவர், ஆராதனை முடிந்து எல்லாரும் போகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தார். வேதாகமத்துக்குள் மடித்து வைத்திருந்த சம்பளச் சிட்டையை எடுத்து நீட்டினார். "உபதேசியாரய்யா, இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க. பேரு கொறயுற மாதிரி இருக்கு. மத்த பொம்பளைங்க அட்டன்ல தொழில் கந்தோருக்குப் போய்க் கேப்போம்னு சொல்றாங்க. நானும் போகலாமா?"

நான் சிட்டையைக் கையில் வாங்கவில்லை. "பொறுமையா இருங்கக்கா, ஆண்டவர் பாத்துக்குவார்" என்றேன். வேலைக்காரர் எஜமானுக்குக் கீழ்ப்படிவதைப் பற்றி பவுல் எழுதியதையும் சேர்த்துச் சொன்னேன். எஜமான்கள் நீதியாய் நடக்க வேண்டும் என்று அதே பவுல் எழுதியதைச் சொல்லவில்லை. மறந்துபோய் விட்டதல்ல. தெரிந்தே விட்டேன்.

காரணம் கோயில் கூரை. கோயில் நிற்பது தோட்டத்து நிலத்தில். மழைக்கு முன்னம் தகரம் தருவதாகத் தோட்டத்தை நடத்தும் துரை சொல்லியிருந்தார். அந்தப் பெண்கள் கூட்டத்தில் எங்கள் சபையாரும் இருந்தால், உபதேசியார்தான் தூண்டிவிட்டார் என்று துரை பங்களாவுக்குப் பேச்சுப் போகும். சிட்டையை அக்கா நீட்டிய அந்த ஒரு நிமிடத்துக்குள் என் மனம் இவ்வளவையும் கணக்குப் போட்டுவிட்டது.

இந்தக் கணக்கு எங்கள் வேலையோடு கூடவே பிறந்தது. 1854இல் இந்த மலைகளில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது, உபதேசிமாரின் சம்பளத்துக்குப் பணம் போட்டவர்கள் கோப்பித் தோட்டத்துத் துரைமார். லயத்தில் போய்ச் சுவிசேஷம் சொன்னவனுக்கு அரிசி பங்களாவிலிருந்து வந்தது. அந்த உபதேசிமாரில் எத்தனையோ பேர் பாடசாலையும் நடத்தினார்கள். அவர்களைக் குறை சொல்லி நான் தப்பிக்க மாட்டேன். எனக்குத் துரை சம்பளம் தரவில்லை. தகரம் தருவதாகச் சொன்னார், அவ்வளவுதான்.

சாலொமோன் ஞானம் கேட்டு ஜெபித்ததை எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். ஒரு பிள்ளைக்காக வாதாடிய இரண்டு தாய்மாரின் வழக்கையும் பேசியிருக்கிறேன். அந்த ராஜாதான் ஜனங்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்து லீபனோனுக்கு அனுப்பினார். அவர் மரித்தபின் அதே ஜனங்கள் அவர் மகன் ரெகொபெயாமிடம் வந்து, பாரத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கெஞ்சினார்கள். முதியோர் அவர்களுக்கு இரங்கச் சொன்னார்கள். அவனோ தன்னோடு வளர்ந்த வாலிபரின் பேச்சைக் கேட்டு, பாரத்தை இன்னும் கூட்டுவேன் என்றான். ராஜ்யம் இரண்டாகப் பிளந்தது. வேலைப்பாரத்தைக் குறைக்கச் சொல்லி ஜனங்கள் கேட்ட இந்த அதிகாரத்தை, கொழுந்துக் கூடை சுமக்கிற சபைக்கு நான் ஒருநாளும் வாசித்துக் காட்டவில்லை.

கண்டியில் 1972இல் சத்யோதயத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸைப் பற்றி முன்னமே கேள்விப்பட்டிருக்கிறேன். படித்த மனிதர், தோட்டத்து ஜனங்களின் உரிமைக்காகப் பகிரங்கமாகப் பேசியவர். அவர் கத்தோலிக்கர், நாம் வேறு என்று ஒதுக்கி வைத்தேன். அதுவும் எனக்கு வசதியாக இருந்தது.

அக்கா தொழில் கந்தோருக்குப் போகவில்லை. என் வார்த்தையை வேதவார்த்தையாக எடுத்துக்கொண்டார். மாதங்கள் கழித்து, உயர்தரம் படித்துக்கொண்டிருந்த அவர் மகள் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று அறிந்தேன். வீட்டில் கஷ்டத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. அந்த அரைப்பேர்களும் அதில் சேர்ந்தவை. என் பங்கு எவ்வளவு என்று அளந்து பார்த்து மனதை ஆற்றிக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

அதன்பிறகுதான் அவர் காம்பராவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "மன்னிப்பு இருக்கட்டும் ஐயா, இப்பவாச்சும் வாசிங்க" என்று பழைய சிட்டைகளையெல்லாம் எடுத்து வைத்தார். நான் எண்களை வாசித்தேன். அவற்றின் அர்த்தத்தை அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். கொழுந்து ஈரமென்று தராசில் எத்தனை கிலோ வெட்டுகிறார்கள், சாக்குக்கு எவ்வளவு போகிறது, முற்பணம், சேமலாப நிதி, சங்கச் சந்தா போனபின் கைக்கு என்ன வருகிறது. இந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். இதில் பாதி எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வயதில் இயேசு ஆலயத்தில் போதகர் நடுவே உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டு, கேள்வியும் கேட்டார் என்று லூக்கா எழுதுகிறார். அவர் ஞானத்தில் வளர்ந்தார் என்று அதன்பிறகு சொல்கிறார். ஞானம் வேண்டி ஜெபித்த வருடங்களில் நான் யார் பக்கத்திலும் அப்படி உட்கார்ந்ததில்லை.

இப்போது சிட்டை கொண்டுவருகிறவர்களுக்கு வாசித்துச் சொல்கிறேன், தொழில் கந்தோருக்குக் கடிதமும் எழுதிக் கொடுக்கிறேன். கோயிலுக்குத் தகரம் வந்தது, அதன் கீழேதான் ஆராதனை நடக்கிறது. ரெகொபெயாமின் அதிகாரத்தைத் துரை வந்து உட்காரும் அறுப்பின் பண்டிகையில் பிரசங்கிக்க வேண்டுமென்று குறித்து வைத்தேன். போன பண்டிகையிலும் வேறு அதிகாரத்தைத்தான் எடுத்தேன்.