மணியுடன் மூணாறு சென்று வந்தேன்

இடுக்கி மாவட்டத்தில் இருப்புப்பாதை கிடையாது. 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் தேயிலை ஏற்றுவதற்கென ஒரு சிறு இரயில் ஓடத் தொடங்கியது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதனை அழித்துவிட்டது. இரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு மூணாறு செல்லும்போதெல்லாம் அந்நினைவு எழும். இம்முறை வேறொரு கவலை. வாடகைக் காரின் பின்னிருக்கையில் எங்கள் நாய் மணி படுத்திருந்தது.

என் தந்தையின் தமக்கை, எங்கள் பெரிய அத்தை, முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். கண் சிகிச்சைக்காக ஒலவக்கோட்டில் எங்களுடன் மூன்று மாதம் தங்கியபோது மணி அவர் காலடியை விட்டு அகலவில்லை. இவ்வாண்டு அவருக்குப் பக்கவாதம் கண்டது. மருத்துவமனையில் பேச்செல்லாம் குழறிய நிலையில், தெளிவாக வந்த ஒரே சொல் "மணி" என்பதுதான். நாயை அழைத்து வரலாமா என்று கேட்டேன், கூடாதென்றனர். யோசித்துப் பார்த்தால் அது நியாயமே. பிணியாளர் பலர் படுத்திருக்கும் இடத்தில், குணம் அறியாத நாயை எவர் அனுமதிப்பர்?

குணம் அறிந்து சான்று தரும் முறையும் உலகில் உண்டு. அமெரிக்காவில் எலெய்ன் ஸ்மித் என்னும் செவிலியர் 1976இல் இதற்கென ஒரு சங்கம் அமைத்தார். ஹாங்காங்கில் ஜில் ராபின்சன் 1991இல் தொடங்கிய 'டாக்டர் டாக்' திட்டத்தைச் சென்னை புளூ கிராஸ் சங்கமும் நடத்தியது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் கால்நடை மருத்துவரின் சான்றும் முதலில் வேண்டும். பின்னர், அயலார் தடவினால் பொறுக்கிறதா, கீழே கிடக்கும் தின்பண்டத்தைத் தீண்டாதிருக்கிறதா, சக்கர நாற்காலியையும் ஊன்றுகோலையும் கண்டு மிரள்கிறதா, திடீர் ஓசைக்குப் பின் விரைவில் அடங்குகிறதா என்று சோதிப்பர். நாயைப் பிடித்துச் செல்பவருடைய நடத்தையும் கவனிக்கப்படும்.

இவற்றை இரண்டு மாதம் வீட்டிலேயே பழக்கிப் பார்த்தேன். அயலாரிடம் மணி சாது. தின்பண்டத்தில் பாதி வெற்றி. ஆனால் ஊன்றுகோல் தரையில் விழுந்தால் கட்டிலுக்கடியில் ஓடிப் பதுங்கிவிடும். மணி தேறவில்லை என்பதை வெட்கமின்றி ஒப்புக்கொள்கிறேன்.

இதற்கிடையே அத்தை வீடு திரும்பினார் என்று செய்தி வந்தது. உடனே புறப்பட்டோம். கோவிந்தாபுரம், பொள்ளாச்சி, உடுமலை கடந்து சின்னாற்றுக் காட்டினுள் நுழைந்தால், மழை மறைவுப் பகுதியாதலால் முள்மரங்களும் வறண்ட பாறைகளுமே காட்சி தரும். அங்கு மணியைக் காரை விட்டு இறக்கவில்லை. அது காட்டுயிர்களின் வீடு. மறையூரில் சந்தன மரங்களும் கரும்புத் தோட்டங்களும் எதிர்ப்பட்டன. அப்பால் ஒரே பச்சை, தேயிலை.

லயத்து வீட்டின் அறை சிறியது. கட்டிலருகே ஊன்றுகோல் சாத்தியிருந்தது. அதைக் கண்டதும் எனக்குத் தயக்கம். அத்தானோ, "வெளியே திண்ணையில உக்கார வைப்போம் மாப்பிள்ளை, கோலை உள்ளேயே வச்சிடலாம்" என்றார். அவ்வாறே செய்தோம். கயிற்றைக் குறுக்கிப் பிடித்துக்கொண்டு மணியை மெல்ல அருகே விட்டேன். அது அத்தையின் மடியில் தலையை வைத்தது. இயங்கக்கூடிய இடக்கை அதன் காதைத் தேடிப் பிடித்தது. நோய் குணமாயிற்று என்று கூறமாட்டேன். ஆனால் அன்று மாலை, பல நாட்களுக்குப் பின், அத்தை தாமே கேட்டுக் கஞ்சி குடித்தார்.

மறுநாள் மணியை வீட்டில் விட்டு இராஜமலை சென்றேன். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து எழுபது உயிர்கள் மாண்டன; நால்வர் உடல் கிடைக்கவே இல்லை. கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நம்மவர் குடும்பங்கள் பல. எட்டு நாள் கழித்து, தான் விளையாடித் திரிந்த இரண்டு வயதுக் குழந்தையின் உடல் கிடந்த இடத்தைக் குவி என்னும் வீட்டு நாய் காட்டிக் கொடுத்தது. காவல்துறையின் நாய்ப் படையினர் குவியை அழைத்துச் சென்று பராமரித்தனர். எனினும் அவ்வீட்டில் எஞ்சியிருந்த பாட்டி அதனைத் திரும்பக் கேட்டார். 2021இல் குவி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பாட்டிக்கு அதன் திறமையா பெரிது? தம் பேத்தியை அறிந்த உயிர் ஒன்று அருகில் இருப்பதே பெரிது.

குவிக்குச் சான்றிதழ் இல்லை, மணிக்கும் இல்லை. ஆயினும் சான்றிதழை எளிதாக எண்ணலாகாது. நம் வீட்டாருக்கு நம் நாய் போதும். அயலார் படுக்கையருகே செல்லச் சோதனை தேறிய நாய்தான் வேண்டும். சொந்த ஊரை விட்டு வந்து முதுமையில் தனித்திருப்போர் நம் சங்கக் குடும்பங்களில் பலர். சாதுவான நாய் வளர்க்கும் அன்பர்கள் இன்றே பழக்கத் தொடங்கலாம். நானும் ஊன்றுகோலை நாள்தோறும் மெல்லக் கீழே போட்டுப் பழக்கி வருகிறேன். மணி இப்போது கட்டில்வரை ஓடுவதில்லை. கதவருகே நின்று திரும்பிப் பார்க்கிறது.